பரோட்டாவுக்கு வரி இல்லை, இட்லி மாவுக்கு 5 சதவீதம்: கடலோரச் சமையலறையில் எதை வாங்கலாம், எதை அரைக்கலாம்?

2025 செப்டம்பர் 22 முதல் பாக்கெட் பரோட்டா, சப்பாத்திக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. பரோட்டாவுக்கு அதுவரை 18 சதவீதம் இருந்தது. பாக்கெட் மிக்சர், காராபூந்தி வகைகளுக்கு 12 சதவீதம் 5 ஆனது. ஆனால் காலையில் தமிழ்நாடே ஊற்றும் இட்லி, தோசை மாவு பழையபடி 5 சதவீதத்திலேயே நிற்கிறது. "சுட்ட பரோட்டாவுக்கு வரி இல்லையாம், சுடாத மாவுக்கு வரியாம்" என்று கேட்காத ஆள் இல்லை.

இந்தக் குழப்பம் வகைப்படுத்தலில் இருந்து வருகிறது. வரிப் பட்டியலில் ரொட்டி வகைகள் ஒரு தலைப்பில் வருகின்றன, மாவுக் கரைசல் வேறொரு தலைப்பில் வருகிறது. "பரோட்டா ரொட்டி ஆகாது, வீட்டில் இன்னொரு முறை சூடாக்க வேண்டியிருக்கிறது" என்று 2020-இல் கர்நாடகத்தில் ஜி.எஸ்.டி. சந்தேகங்களுக்கு முன்கூட்டியே விடை சொல்லும் முன்தீர்ப்பு ஆணையம் சொன்னபோது பெரிய சர்ச்சையே நடந்தது. 2025 மாற்றம் அந்தச் சண்டைக்கு முற்றுப்புள்ளி வைத்தது. மாவின் தலைப்பை யாரும் தொடவில்லை.

ஆனால் குடும்பச் செலவில் இந்த 5 சதவீதம் எவ்வளவு? 50 ரூபாய் பாக்கெட்டில் வரி சுமார் 2 ரூபாய் 40 காசு. அதை நீக்கினாலும் அரைப்பதா வாங்குவதா என்ற கேள்வி அப்படியே இருக்கும். அந்தக் கேள்விக்கு விடை தண்ணீரிலும் ஈரக்காற்றிலும் நேரத்திலும் கிடக்கிறது. ராமேஸ்வரம் தீவு, மண்டபம், கீழக்கரை, ஏர்வாடி, தேவிபட்டினம், தொண்டி என்று நீளும் இந்த ராமநாதபுரக் கரையில் அந்தக் கணக்கு மதுரைக் கணக்கு மாதிரி வராது.

பாக்கெட்டில் விற்பது எது?

தயார் உணவை இரண்டாகப் பிரிக்கலாம். பரோட்டா, மிக்சர், தொதல் என்ற கருப்பட்டி இனிப்பு போன்றவை முழுத் தயார்: சூடாக்கினால் அல்லது பிரித்தால் போதும். மாவு, மசாலாப்பொடி, இஞ்சி பூண்டு விழுது, தேங்காய்ப்பால், வெட்டிய மீன் ஆகியவை பாதித் தயார். கை வலிக்கும் வேலை முடிந்திருக்கும், சமையல் பாக்கி இருக்கும்.

இரண்டிலுமே காசு மூன்று காரியங்களுக்குப் போகிறது:

1. உழைப்பு: ஊறப்போடுவது, ஆட்டுவது, கழுவுவது.
2. தண்ணீரும் அடுப்பும்.
3. கெடாமல் வைத்திருத்தல்: காய வைத்தல், குளிரூட்டல், புளிப்புச் சேர்த்தல், காற்றுப் புகாமல் அடைத்தல்.

கவனிக்க வேண்டியது மூன்றாவதைத்தான். மசாலாப்பொடியின் கெடும் ஓட்டத்தை ஏறக்குறைய நிறுத்திவிடலாம். மாவின் ஓட்டத்தை நிறுத்த முடியாது, மெதுவாக்கத்தான் முடியும். மெதுவாக்கும் பிரிட்ஜ் வழியில் எங்கேயாவது நின்றுபோனால் நீங்கள் கொடுத்த காசில் பெரும்பகுதி வீண்.

இட்லி மாவு: முதலில் செலவைப் போட்டுப் பார்ப்போம்

கீழே உள்ள விலைகள் கணக்குக்காக வைத்தவை. உங்கள் ஊர் விலையை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

- இட்லி அரிசி 1 கிலோ: 45 ரூபாய்
- உருட்டு உளுந்து 250 கிராம்: 35 ரூபாய்
- வெந்தயம், உப்பு: 3 ரூபாய்
- கிரைண்டர் மின்சாரம்: 1 ரூபாய்
- நல்ல தண்ணீர் ஒரு குடம்: 12 ரூபாய்

மொத்தம் 96 ரூபாய். இதில் ஏறத்தாழ 3 கிலோ மாவு கிடைக்கும், அதாவது கிலோ 32 ரூபாய். ரேஷன் புழுங்கலரிசியைப் போட்டால் கிலோ 17 ரூபாய்க்கு இறங்கிவிடும். பாக்கெட் கிலோ 50 ரூபாய் என்றால் 3 கிலோவுக்கு 54 ரூபாய் மிச்சம். அதற்கு விலை கால் மணி, இருபது நிமிடக் கைவேலை, முக்கால் மணி நேரம் கிரைண்டர் பக்கத்தில் நடமாட்டம், எட்டு மணி நேரக் காத்திருப்பு.

பட்டியலில் தண்ணீர் ஒரு செலவாக வந்திருப்பதைப் பாருங்கள். கோயம்புத்தூர்க்காரர் இந்த வரியை எழுதவே மாட்டார். கழுவ, ஊறவைக்க, ஆட்ட, கடைசியில் கல்லையும் குழவியையும் கழுவ என்று 12 முதல் 15 லிட்டர் ஆகிறது. ஆழ்குழாயில் உப்புத்தண்ணீர் வரும் தெருவில், காவிரிக் குழாய் முறைவைத்து வரும் ஊரில், அது தள்ளுவண்டியில் விலைக்கு வாங்கிய ஒரு குடம்.

உப்புத்தண்ணீர் மாவை என்ன செய்யும்?

இங்கேதான் பல வீடுகளில் "நம்ம கைராசி சரியில்லை" என்று முடித்துவிடுகிறார்கள். கைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

மாவு பொங்குவதற்கு இரண்டு காரியம் நடக்க வேண்டும். உளுந்திலும் அரிசியிலும் இயல்பாகவே ஒட்டியிருக்கும் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் பெருகி வாயுவும் புளிப்பும் உண்டாக்க வேண்டும். உளுந்தின் புரதமும் வழுவழுப்பும் அந்த வாயுவை வெளியே விடாமல் பிடித்துவைக்க வேண்டும். உப்பும் கடினமும் கலந்த தண்ணீர் இரண்டையும் கெடுக்கிறது. அதிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் பருப்பின் சுவர்களை இறுக்குவதால் உளுந்து சரியாக ஊறாது, ஆட்டும்போது பந்துபோல் எழும்பாது. ஏற்கனவே உப்புள்ள தண்ணீரில் வழக்கமான கைப்பிடி உப்பும் சேர்ந்தால் பாக்டீரியாவின் வேகம் குறையும். காலையில் மாவு ஊற்றிவைத்த அளவிலேயே அசையாமல் உட்கார்ந்திருக்கும்.

செய்ய வேண்டியது:

1. முதல் இரண்டு கழுவல் உப்புத்தண்ணீரில் இருக்கட்டும். கடைசிக் கழுவலும், ஊறலும், ஆட்டலும் நல்ல தண்ணீரில்.
2. அரிசி 4 பங்குக்கு உளுந்து 1 பங்கு, கிலோ அரிசிக்கு ஒரு தேக்கரண்டி வெந்தயம். அரிசி 4 முதல் 5 மணி நேரம், உளுந்து 2 மணி நேரம் ஊறினால் போதும்.
3. உளுந்தைத் தனியாக 25 முதல் 30 நிமிடம், தண்ணீரைத் தெளித்துத் தெளித்து ஆட்டவும். கால் கிலோவுக்கு 400 முதல் 500 மில்லி பிடிக்கும். ஒரு சொட்டை டம்ளர் தண்ணீரில் போட்டால் மிதக்க வேண்டும். மூழ்கினால் இன்னும் ஆட்ட வேண்டும், அல்லது உளுந்து பழசு. பழைய உளுந்தை எவ்வளவு ஆட்டினாலும் பொங்காது.
4. அரிசி ரவைப் பதம்.
5. 3 கிலோ மாவுக்கு உப்பு 30 கிராம் போதும். கோடையில் உப்பை முன்னாலேயே கரைத்தால் பொங்கும் வேகம் மட்டுப்படும். மார்கழியில் பொங்கிய பிறகு போடுவது நல்லது.
6. கையால் கலக்கிப் பாத்திரத்தில் பாதிதான் நிரப்ப வேண்டும். சித்திரை, வைகாசியில் 6 மணி நேரத்தில் பொங்கிவிடும், வாடைக்காற்று நாட்களில் 10, 12 மணி நேரம் எடுக்கும்.

மிக்சியில் ஆட்டினால் ஜார் சூடாகும், சூட்டில் உளுந்தின் வழுவழுப்பு குறையும். மிக்சிதான் கதி என்றால் குளிர்ந்த தண்ணீர் விட்டு, இடைவெளி விட்டு விட்டு ஓட்டவும்.

பாக்கெட் மாவு எங்கே சறுக்குகிறது?

மதுரையில் அடைத்த மாவு ராமேஸ்வரம் வந்து சேர 170 கிலோமீட்டர். வேன், மொத்தக் கடை, சில்லறைக் கடை என்று மூன்று கை மாறுகிறது. ஒவ்வொரு மாற்றத்திலும் கொஞ்ச நேரம் வெயில். சில கடைகளில் இரவு பிரிட்ஜை அணைத்துவிட்டுப் போகும் பழக்கமும் உண்டு. தேதி நாளை வரைக்கும் இருந்தாலும் மாவு இன்றே முடிந்துபோயிருக்கும்.

கையில் எடுத்தவுடன் மூன்றைப் பார்க்கலாம். பை விறைப்பாக உப்பியிருந்தால் உள்ளே மாவு முழு வேகத்தில் பொங்கியிருக்கிறது. மேலே தெளிந்த தண்ணீர் தனியாகப் பிரிந்து நின்றால் புளிப்பு ஏறி மாவின் கட்டு தளர்ந்துவிட்டது, அதில் இட்லி தட்டையாக வரும். மூன்றாவது, தயாரித்த ஊர். அது எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது. புளித்ததை வீணாக்க வேண்டாம்: சின்ன வெங்காயம் போட்டு ஊத்தப்பமோ குழிப்பணியாரமோ ஊற்றலாம்.

வாங்குவதென்றால் சிறந்தது தெருவில் கிரைண்டர் வைத்து ஆட்டி விற்பவரிடம் சாயந்திரம் வாங்குவதுதான். நாலு மணிக்கு ஆட்டியது, பொங்காதது. பொங்கவைக்கும் வேலை உங்கள் அடுப்படியில் நடக்கும், உப்பும் உங்கள் கையில். சரக்கு விற்பவரின் ஆண்டு விற்றுமுதல் 40 லட்சத்துக்குக் கீழே என்றால் அவர் ஜி.எஸ்.டி. பதிவே செய்ய வேண்டியதில்லை, ஆகவே அந்த 5 சதவீதப் பேச்சும் இல்லை. அவர் எந்தத் தண்ணீரில் ஆட்டுகிறார் என்று மட்டும் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

மசாலாப்பொடி: மாவட்டத்தின் மிளகாய் வீட்டு வாசலில் இருக்கும்போது

மாவில் இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. மீன் குழம்புப் பொடியில் அப்படி இல்லை. முதுகுளத்தூர், கமுதி, கடலாடி, ஆர்.எஸ்.மங்கலம் பக்கம் விளையும் ராமநாதபுரம் குண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மாசி முதல் வைகாசி வரை புது வரத்து. அதை வாங்காமல், எங்கோ விளைந்த மிளகாயை எங்கோ அரைத்த பொடியாக வாங்குவது இந்தக் கரையில் தேவையற்ற செலவு.

ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக வரும் அளவு: மல்லி 500 கிராம், குண்டு மிளகாய் 250, சீரகம் 75, மிளகு 50, விரலி மஞ்சள் 50, வெந்தயம் 15.

குண்டு மிளகாயின் தோல் தடிப்பு. நீட்டு மிளகாய் ஒரு நாளில் காய்ந்தால் இதற்கு இரண்டு நாள் வெயில் வேண்டும். காதருகே வைத்துக் குலுக்கினால் விதை கலகலவென்று ஆட வேண்டும், காம்பைக் கிள்ளினால் 'பட்'டென்று ஒடிய வேண்டும். ஒடியாமல் வளைந்தால் மில்லுக்குக் கொண்டுபோகாதீர்கள். ஈரமிளகாய் கல்லில் ஒட்டும், பொடி கறுக்கும், ஒரு மாதத்தில் பூஞ்சை வரும். பூத்த பொடியை மேலாக வழித்துவிட்டுப் பயன்படுத்தக் கூடாது. மிளகாயில் வரும் பூஞ்சை சில நேரம் அஃப்லாடாக்சின் என்ற நஞ்சை விட்டுவைக்கும், அது குழம்பு கொதிப்பதால் போகாது.

அரைத்து வந்ததும் பொடி சூடாக இருக்கும். அப்படியே டின்னில் அடைத்தால் மூடியின் உள்பக்கம் வியர்த்துச் சொட்டும். தாளில் பரப்பி முழுதும் ஆறவிட்டு, பெரிய எவர்சில்வர் டின்னில் இறுக்கி மூடி, பத்து நாளைக்கு வேண்டியதை மட்டும் சின்னப் பாட்டிலில் எடுக்கவும். கடல்காற்றில் அடிக்கடி திறக்கும் டின்தான் முதலில் கட்டிதட்டும். கொதிக்கிற சட்டிக்கு மேலே பாட்டிலைச் சாய்த்துத் தட்டும் பழக்கம் இன்னும் மோசம், ஆவி நேராகப் பாட்டிலுக்குள் ஏறும். கரண்டியில் எடுத்துப் போடுங்கள். மூன்று மாதம் வரை மணம் நிற்கும். வறுத்து அரைத்தால் மணம் தூக்கலாக இருக்கும், ஆனால் எண்ணெய் வெளிவந்துவிடுவதால் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். ஆகவே வெயிலில் காயவைத்து அரைப்பதே இங்கே சரி.

பொடி வாங்கித்தான் ஆக வேண்டுமா? அட்டையில் சேர்மானங்கள் எடையின் இறங்குவரிசையில்தான் அச்சிடப்பட வேண்டும். உப்பு மூன்றாவதாக நின்றால் மசாலா விலையில் உப்பு வாங்குகிறீர்கள். மிளகாய்ப்பொடியில் 2 சதவீதம் வரை சமையல் எண்ணெய் சேர்க்க அனுமதி உண்டு, அதையும் அச்சிட்டிருக்க வேண்டும். ஒரு சிட்டிகையை டம்ளர் தண்ணீரில் தூவிப் பாருங்கள். அடியில் தங்கியதை விரலில் தேய்த்தால் நறநறத்தால் செங்கல்தூளோ மணலோ. நிறம் கோடுகோடாக இறங்கினால் தண்ணீரில் கரையும் சாயம். எண்ணெயில் கரையும் சாயங்களை இந்தச் சோதனை காட்டாது, அதற்கு ஆய்வுக்கூடம்தான்.

கருவாடு: பிரிட்ஜுக்கு முந்தைய ரெடிமேட்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும். நாட்டுப்படகு மீன் கொஞ்சம் வரும், விலை ஏறும். அந்த நாட்களுக்கென்றே கருவாடு இருக்கிறது. இதையும் வாங்கலாம், போடலாம்.

சீலா, கட்டா, பாறை மாதிரி பெரிய மீனுக்கு முறை:

1. செவுள், குடல் நீக்கி முதுகுப் பக்கமாகப் பிளந்து, நல்ல தண்ணீரில் கழுவவும். கரையோரக் கடல்நீர் அழுக்கு, அதில் அலச வேண்டாம்.
2. மீன் 4 பங்குக்கு உப்பு 1 பங்கு. அடுக்கடுக்காக உப்பைப் போட்டு மேலே பாரம் வைத்தால் மீன் தண்ணீர் விடும். தடித்த துண்டுக்கு 24 மணி நேரம்.
3. மேலுப்பை ஒரு முக்கில் அலசிவிட்டு, தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் வலை கட்டிப் பரப்பவும்.
4. முதல் நாள் நிழலும் காற்றும் உள்ள இடம், அதன் பிறகு மூன்று நாள் வெயில். பொழுது சாயும் முன் உள்ளே எடுக்க வேண்டும். உப்பு பனியின் ஈரத்தை உறிஞ்சிவிடும்.
5. தடித்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தினால் பள்ளம் விழக்கூடாது.

முதல் நாளே உச்சிவெயிலில் போடுவதுதான் பெரிய பிழை. மேல்தோல் இறுகி ஓடாகிவிடும், உள்ளே ஈரம் சிறைப்படும், பத்தாம் நாள் உள்ளிருந்து நாறும். இரண்டாவது பிழை முதல் அரைநாளில் மூடாமல் விடுவது. ஈ முட்டையிடுவது அந்த ஈரத்தில்தான், நன்றாகக் காய்ந்தபின் ஈ வராது. ஆகவே ஈ மொய்க்கவில்லை என்பதை மட்டும் வைத்து மருந்து அடித்த கருவாடு என்று முடிவுகட்டிவிடவும் முடியாது.

ரோஸ் நிறத் திட்டுகளைப் பலர் மீனின் ரத்தம் என்று நினைக்கிறார்கள். அது உப்பிலேயே வாழும் நுண்ணுயிர். வாலிநோக்கம் போன்ற இடங்களில் பாத்தியில் விளையும் கல்லுப்பில் இயல்பாக இருக்கும், ஈரமும் சூடும் சேர்ந்தால் பெருகும். திட்டு பிசுபிசுத்து வாடையும் அடித்தால் தூக்கிப்போட வேண்டியதுதான். வெண்மையாக, கரகரவென்று இருப்பது உப்புப் படிவு, பஞ்சுபோல் இருப்பது பூஞ்சை.

நெத்திலி வேறு கதை. உப்பில்லாமலே ஒன்றரை நாள் வெயிலில் சரசரக்கும். ஒரு கிலோ பச்சை நெத்திலி கால் கிலோவுக்குச் சற்று மேலே இறங்கும். இந்தக் கணக்கை வாங்கும்போதும் வைத்துக்கொள்ளலாம்: பச்சை மீன் விலையைப்போல் மூன்று, நான்கு மடங்குக்கு மிகவும் கீழே கருவாடு கிடைத்தால், அது குவிந்து வந்த நாளின் மீனாக இருக்கலாம், பச்சையாக விற்க முடியாமல் நின்ற மீனாகவும் இருக்கலாம். மோந்து பார்த்தால்தான் தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் கனமாகவும் வளைந்தும் வரும் கருவாட்டில் தண்ணீருக்கும் சேர்த்து விலை கொடுக்கிறீர்கள்.

மோந்து பார்த்தும் தெரியாத ஒன்று உண்டு. சூரை, கும்புளா, சாளை போன்றவை பிடித்தபின் ஐஸ் இல்லாமல் கிடந்தால் சதையில் ஹிஸ்டமைன் என்ற வேதிப்பொருள் உருவாகும். உப்பிடுவதோ காயவைப்பதோ பொரிப்பதோ அதை அழிக்காது. சாப்பிட்ட ஒரு மணி நேரத்துக்குள் முகம் சிவந்து, உடம்பு அரித்து, தலை வலிக்கும். ஆகவே இந்த மீன்களில் கருவாடு வாங்குவதென்றால் தெரிந்த வாடியில் (கருவாடு போடும் இடம்), படகிலிருந்தே ஐஸில் வந்த மீனைப் போடுபவரிடம் மட்டும். அதே காரணத்தால் மசாலா தடவி அடைத்த மீன் பாக்கெட் இந்தக் கரையில் வாங்கத் தகுந்ததல்ல. கண், செவுள், வாடை மூன்றையும் மசாலா மறைத்துவிடும். முழு மீனாக வாங்கி, வெட்டுக்கூலி கொடுத்து, கண்ணெதிரே வெட்டி வாங்குங்கள். இந்தக் கூலிதான் இருப்பதிலேயே நியாயமான ரெடிமேட் செலவு.

இஞ்சி பூண்டு, தேங்காய்ப்பால், தொதல்

பாக்கெட் இஞ்சி பூண்டு விழுது கெடாமல் இருப்பதற்குப் புளிப்பு அமிலம் சேர்க்கிறார்கள். புளிக்குழம்பில் அது தெரியாது, பிரியாணியில் தெரியும். வீட்டில் அரைத்தால் ஒரு வாரத்துக்கு மட்டும், உப்புப் போட்டு பிரிட்ஜில். பூண்டு பச்சை நிறமாக மாறினால் பயமில்லை. எண்ணெயில் மூழ்கவைத்த பூண்டை மட்டும் வெளியே வைக்கக் கூடாது, காற்றில்லாத அந்த இடத்தில் பொட்டுலிசம் நஞ்சு உருவாகலாம்.

தேங்காய்ப்பாலில் பாக்கெட்டுக்கு ஒரு நல்ல குணமும் உண்டு. பால் பிரியாமல் இருக்க நிலைப்படுத்திகள் சேர்ப்பதால் கொதித்தாலும் திரியாது. நோன்புக் கஞ்சிக்கும் மீன் ஆணம் என்ற குழம்புக்கும் அவசரத்தில் கைகொடுக்கும். அதே குணம்தான் தொதலுக்கு எதிரி. கீழக்கரைத் தொதல் என்பது அரிசிமாவு, தேங்காய்ப்பால், கருப்பட்டியை மணிக்கணக்கில் கிண்டி, எண்ணெய் பிரிந்து சட்டியை விட்டு உருண்டு வரும்போது இறக்குவது. நிலைப்படுத்திகள் எண்ணெயைப் பிடித்துவைத்திருப்பதால் பாக்கெட் பாலில் எண்ணெய் லேசில் பிரியாது. கிண்டிக் கிண்டிக் கை ஓயும், அடி பிடிக்கும், தொதல் களிபோல் நிற்கும். வீட்டில் கிண்டுவதென்றால் முற்றிய தேங்காயைத் துருவிப் பிழிந்த பால்தான் வேண்டும், கருப்பட்டியையும் முதலில் கரைத்து மண் வடிகட்டியாக வேண்டும். நாலு பேர் மாறி மாறித் துடுப்புப் பிடிக்க வீட்டில் ஆள் இல்லையென்றால், கீழக்கரையில் கிண்டுகிறவர்களிடமே கால் கிலோ வாங்கிக்கொள்ளலாம்.